முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும்

பிள்ளை யாருக்கு என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் தெரியாத ஆளே கிடையாது. நான் வீட்டுக்காரரைப் பிரிந்து, நாலு வயது மகளோடு காசிமேட்டிலிருந்து காலடிப்பேட்டையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, கேட்காமலேயே எனக்குச் சட்டம் சொல்லித் தந்தவர்களை ஏற்ற ஒரு ஷேர் ஆட்டோ போதாது. பால் பூத்துக்காரர், "பொம்பளப் புள்ளன்னா ஆத்தாளுக்கு, ஆம்பளப் புள்ளன்னா அப்பனுக்கு" என்றார். இடியாப்பம் விற்கிற அம்மா, யார் சம்பாதிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். என் மாமியார் சொன்னதுதான் சிரிப்பை நிறுத்தியது.

அவர் மீன் மார்க்கெட்டில் என் அம்மாவை வழிமறித்து, "அஞ்சு வயசு வரிக்கும்தான் ஆத்தாகிட்ட. அதுக்கு மேல அப்பங்காரன்கிட்ட. கெவர்மென்ட்டு சட்டமே அப்டிதான் கீது. எங்க வூட்டுப் புள்ள எங்க வூட்டுக்கு வந்துரும், நீ வேணா பாரு" என்று சொல்லியிருக்கிறார். அம்மா மீனே வாங்காமல் வெறும் கூடையோடு திரும்பி வந்தார். மகளுக்கு ஐந்து முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்காக வெளியே நின்றிருக்கிறேன். வேலையும் அதற்குத் தகுந்தாற்போல அமைந்தது. திருவொற்றியூர் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிறேன். எந்தக் கப்பல், எந்தப் பெட்டி, சீல் நம்பர் என்ன, யார் கையெழுத்து என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் உத்தியோகம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வண்டி கேட்டைத் தாண்டாது. டிரைவர்கள் என்னைத் திட்டாத மொழி இல்லை. ஆகையால் மாமியார் சொன்ன சட்டம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பிரிவுக்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. அடி உதை இல்லை, இன்னொருத்தி இல்லை. அவர் விசைப்படகில் போகிற தொழிலாளி. பத்து நாள் கடலில் இருப்பார், நாலு நாள் கரையில் இருப்பார். அந்த நாலு நாளும் சண்டை. நான் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர் வீட்டார் பிடி. போவேன் என்பது என் பிடி. அவர் யார் பக்கமும் பேசாமல் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம்தான் எனக்கு ஆகவே ஆகாது. கத்துகிற மனுஷனோடுகூடக் குடித்தனம் செய்துவிடலாம், வாயே திறக்காதவரோடு முடியாது என்று எட்டாவது வருஷம் மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்போதே குப்பத்துப் பெரியவர்கள் கூடி எங்களை அத்து விட்டார்கள். அவர்கள் வழக்கம் அது. இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, ஒரு பத்திரத்தில் இனி இவருக்கும் இவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று எழுதி, ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளை அம்மாவிடம் இருக்கும், கரையில் இருக்கும் நாளில் தகப்பன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருந்தது. டீ, வடை கொடுத்தார்கள். எல்லோரும் டைவர்ஸ் ஆகிவிட்டது என்று கலைந்து போனோம். ஒரு வருஷம் அந்தப் பத்திரத்தின்படிதான் ஓடியது. அவர் கரைக்கு வருவார், மகளை அழைத்துப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். மாமியார் வாயைத் திறந்த பிறகுதான் அந்தப் பத்திரத்தை கேட் பாஸ் பார்க்கிற கண்ணால் பார்த்தேன். சீல் இல்லை. நம்பர் இல்லை. கேட்டில் இதைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இலவச சட்ட உதவி மையத்தில் எனக்குக் கிடைத்தவர் ஒரு பெண் வக்கீல். என் வயதுதான் இருக்கும். யார்டில் மிச்சமான ரிஜிஸ்தர் நோட்டில் பதினேழு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "பதினேழா? சரி, உக்காருங்க" என்றார்.

முதலில் பத்திரத்தைக் காட்டினேன். "உங்க ஊர்ல காலங்காலமா இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு கோர்ட்ல நிரூபிச்சா ஒருவேளை ஏத்துக்குவாங்க. அதை நிரூபிக்கவே ஒரு கேஸ் நடத்தணும். அதுக்கு விவாகரத்துக் கேஸையே நடத்திடலாம்" என்றார். ஆக ஒரு வருஷமாக நான் யாரை 'முன்னாள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ, அவர் சட்டப்படி இன்னும் என் புருஷன்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அடுத்து மாமியார் சட்டம். வக்கீல் அதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. அது தினமும் அவர் மேஜைக்கு வருகிற கேள்வியாம். "அஞ்சு வயசுக்குள்ள இருந்தா பெரும்பாலும் அம்மாகிட்ட இருக்கணும்னு சட்டத்துல இருக்கு. அஞ்சு முடிஞ்சா அப்பாகிட்ட போகணும்னு எங்கயும் இல்ல. குழந்தைக்கு எது நல்லதுன்னு கோர்ட் பாக்கும், அவ்வளவுதான்."

எனக்குள் ஏதோ இறங்கியது. அதே நேரம் ஓர் ஆச்சரியமும். மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு வந்தது பாதி வாக்கியம். மீதிப் பாதியை அவரே போட்டுக்கொண்டார். இப்படிப் பாதிப் பாதியாக எத்தனை சட்டம் எங்கள் பக்கம் நடமாடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாக டைவர்ஸ் ஆகிவிடுமா? ஆகாது, ஏழு இல்லை, எழுபது வருஷமானாலும் கோர்ட்டுக்குப் போகாமல் ஆகாது. ஜட்ஜ் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பாரா? கேட்கலாம், தனியாக அழைத்துப் பேசுவார், ஆனால் பிள்ளை சொல்வதே தீர்ப்பு என்று இல்லை. நான் சம்பாதிப்பதால் பிள்ளைக்கு அவர் பணம் தர வேண்டியதில்லையா? தர வேண்டும். எனக்கு அவர் காசே வேண்டாம் என்று வீராப்பாகச் சொன்னேன். வக்கீல் சிரித்தார். "உங்களுக்கு வேணாம்னு நீங்க எழுதித் தரலாம். பாப்பாவுக்கு வேணாம்னு எழுதித் தர்றதுக்கு நீங்க யாரு?"

பதினாறாவது கேள்வியைச் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பணம் தரவில்லை என்றால் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்று சொல்லலாமா?

"கூடாது" என்றார். "அவர் பணம் குடுத்தாலும் குடுக்காட்டியும் குழந்தையைப் பாக்கலாம். பாக்க வந்தாலும் வராட்டியும் பணம் குடுக்கணும். ரெண்டும் பாப்பாவோட உரிமை. உங்க ரெண்டு பேர் சண்டையில அதைச் சேக்காதீங்க."

இதைக் கேட்டு நான் தலையாட்டினேன். தலையாட்டியது மனசுக்குப் போய்ச் சேர ஏழு மாதம் ஆனது.

வீட்டுக்காரரும் சண்டை போடாமல் சம்மதித்ததால் இரண்டு பேரும் சேர்ந்தே மனு போட்டோம். பாரீஸ் கார்னர் பக்கம் இருக்கும் குடும்ப நல நீதிமன்றம். ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் கோர்ட்டில் கவுன்சலிங் செய்கிற அம்மா ஒருவர் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினார். சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். பிள்ளை என்னிடம் இருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. மாதாமாதம் பிள்ளைக்கு ஒரு தொகை என்பதற்கும் தலையசைத்தார். பாக்கி இருந்தது பார்க்கிற நாள்.

"நீங்க கடலுக்குப் போறவர். போனா எப்ப திரும்புவீங்க?" என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. கை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை. இருவருக்கும் காரணம் ஒன்றுதான். கடலுக்குப் போகிறவர்கள் திரும்பி வருகிற நாளை வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். யாரும் கேட்கவும் கூடாது. கல்யாணமான புதிதில், கடலோரக் குடும்பத்தில் பிறக்காத நான், அவர் கிளம்பும்போது வாசலில் நின்று "எப்ப வருவே?" என்று கேட்டுவிட்டேன். மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். அவர் படியிறங்கியவர் திரும்பி வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. எதையும் கேட்டுவிடுகிற நான்.

"சொல்லுங்க, எந்தக் கிழமை சௌகரியப்படும்?" என்று அந்த அம்மா மறுபடி கேட்டார்.

"எல்லாரும் போடுற மாதிரி ஞாயித்துக்கிழமைன்னே போட்டுடுங்க மா" என்றார் அவர்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகும் கரையில், எல்லா ஆளும் வீட்டில். அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை என்பது எல்லோருக்கும் இருப்பதுபோல அவருக்கும் இருந்தது. முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும், காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை. டைப் அடித்து வந்தது. கையெழுத்துப் போட்டோம். ஆறு மாதம் கழித்து வந்து இன்னொரு முறை சம்மதம் சொன்னால் விவாகரத்து.

பத்து நாளில் படகுகள் கிளம்பிவிட்டன. முதல் ஞாயிறு அவர் கடலில் இருந்தார். மகள் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு, பத்து மணியிலிருந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் ஞாயிறு படகு கரையில்தான் இருந்தது. ஆனால் காசிமேட்டில் ஞாயிறுதான் பெரிய விற்பனை. விடியற்காலையிலிருந்து மீனை இறக்கி, ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டியைக் கழுவி அவர் வெளியே வரும்போது மூன்று மணி. காலடிப்பேட்டைக்கு வந்து சேர நாலரை. "அஞ்சு மணிக்குப் புள்ளய வுட்டுரணும்னு பேப்பர்ல கீது. அரை மணி நேரம் பாத்துக்கோ" என்றேன். சொல்லும்போது எனக்கு நன்றாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது.

எட்டு வருஷம் வாயே திறக்காத மனுஷனுக்கு எதிராக என் கையில் முதல்முறையாக ஒரு காகிதம் இருந்தது. அதில் சீல் இருந்தது, நம்பர் இருந்தது. ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அவர் கேட்டருகே நின்றிருந்தார். படகிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையில் டீசல் வாடை. கையில் பேக்கரிக் கவரில் முட்டை பப்ஸ். "ஒரு மணி நேரம் கூட்டினு போயிட்டு வந்துடறேன்" என்றார்.

"இன்னிக்கு இன்னா கிழமை?" என்று கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். கவரை அவள் கையில் கொடுத்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'சரி' எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சண்டை போடேன், உன் பிள்ளைக்காகவாவது ஒரு சத்தம் போடேன் என்று முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகள் அழவில்லை. பப்ஸைத் தின்னவும் இல்லை. வீட்டுக்கு வந்து அதை ஃபிரிட்ஜில் வைத்தாள். அது காய்ந்து கட்டையாகிற வரை யாரையும் தொடவிடவில்லை.

யார்டில் நான் பாதி வக்கீலாகியிருந்தேன். லாரி வரிசையில் நிற்கிற டிரைவர்கள் ஜன்னல் வழியாகச் சந்தேகம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை எழுதி வைத்து வக்கீலிடம் கேட்டுச் சொல்வேன். அவர்களில் ஒருவர்தான் எனக்கு யோசனை சொன்னார். மீஞ்சூர்க்காரர், மூன்று வருஷமாக கோர்ட்டுக்கு அலைகிறவர். "எக்கா, அவரு வராத தேதியெல்லாம் குறிச்சு வச்சுக்கோ. நாளைக்கு ஜட்ஜுகிட்ட காட்டுனா பாக்குறதையே கட் பண்ணிடுவாங்க. எனக்கு அப்டித்தான் பண்ணாங்க" என்றார். தனக்கு நடந்ததை எனக்கு வழியாகச் சொல்லித் தந்தார். அவருக்கு எப்படி இருந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. ரிஜிஸ்தரில் கட்டம் போட்டுக் குறிக்க ஆரம்பித்தேன்.

பதினாலு ஞாயிற்றில் அவர் முழு நாள் வந்தது மூன்று. அதில் இரண்டு நவம்பரில், புயல் எச்சரிக்கை வந்து படகுகள் போகாமல் நின்றபோது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அப்பா எப்போது வருவார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி கூடாது என்று அவளுக்கு அந்த வீட்டில் நடை பழகும்போதே சொல்லித் தந்திருந்தார்கள். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருந்தேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மா, கடல்ல ஞாயித்துக்கிழமை உண்டா?"

என்னிடமிருந்துதான் அவளுக்கு அந்தக் கேட்கிற குணம் வந்திருக்க வேண்டும். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஜனவரியில் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் வக்கீலைப் பார்த்து ரிஜிஸ்தரைக் காட்டினேன். இனி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம், கோர்ட்டு வளாகத்திலேயே மாதம் ஒரு மணி நேரம் பார்க்கட்டும் என்று கேட்கலாமா என்றேன்.

"கேக்கலாம். ஏன் வரலன்னு ஜட்ஜ் அவரைக் கேப்பாங்க. என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"ஏன் வரலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் ரிஜிஸ்தரை மூடினேன். அவர் மேற்கொண்டு கேட்காமல் நான் கேட்டபடியே மனு எழுதினார்.

அன்று எங்கள் கேஸ் வர பன்னிரண்டு மணி ஆனது. மகளுக்குப் பள்ளிக்கூடம், கூட்டி வரவில்லை. ஜட்ஜ் அம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு, "பதினாலு தடவைல மூணு தடவைதான் வந்திருக்கீங்கன்னு சொல்றாங்க. உண்மையா?" என்று அவரைக் கேட்டார்.

"ஆமா மா."

"குழந்தையைப் பாக்க விருப்பம் இல்லையா?"

"விருப்பம் கீது மா."

"அப்புறம் ஏன் வரல?"

அவர் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அதே மௌனம். ஜட்ஜ் அம்மா சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நான் கேட்டது கிடைத்துவிடும் என்று தெரிந்தது. அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சொல்லித் தொலையேன், ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை உனக்குக் கிடைக்குமே என்று உள்ளே கத்தினேன். கடைசியில் கத்தியது வெளியேயே வந்துவிட்டது.

"அவரு சொல்ல மாட்டாரு மா. நான் சொல்றேன்."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கடலில் இருப்பார், இல்லாவிட்டால் மீன் இறக்கிக்கொண்டிருப்பார். திரும்பி வருகிற நாளை அவர்கள் வாயால் சொல்வதில்லை, அதனால்தான் அன்றைக்குக் கேட்டபோது ஏதோ ஒரு கிழமையைச் சொல்லிவிட்டார். எனக்கு இது தெரியும், தெரிந்தும் நானும் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னேன். வக்கீல் என் முழங்கையைத் தொட்டார். நிறுத்தச் சொல்கிறாரா, சொல் என்கிறாரா என்று பார்க்கவில்லை.

ஜட்ஜ் அம்மா பேனாவை வைத்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, தெரிந்துகொள்கிற ஆர்வம்தான் இருந்தது. "அப்போ எப்ப வருவாங்கன்னு வீட்ல யாருக்குமே தெரியாதா?"

"வந்தாத் தெரியும் மா" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அப்படின்னா நான் என்னன்னு எழுதறது?"

"கரைக்கு வந்த அன்னிக்கு எனக்கு ஒரு போன் பண்ணட்டும் மா. மறுநாள் ஸ்கூல் வுட்டதும் கூட்டினு போகட்டும். படகு போற வரிக்கும் சாயங்காலத்துல அவர்கிட்ட இருக்கட்டும்."

"தடைக்காலம்னு ஒண்ணு இருக்கே? ரெண்டு மாசம் கரையிலதானே இருப்பாங்க?"

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அந்த இரண்டு மாதத்தின் நடுவில் மே மாதம் இருக்கிறது, பள்ளிக்கூட விடுமுறை இருக்கிறது. எனக்கு யார்டில் மே மாதம் லீவே கிடைக்காது. என்னால் மறுப்பதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. அவர் அன்றைக்கு முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். மே மாதம் முழுக்க மகள் அப்பாவிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கலாம் என்று ஜட்ஜ் அம்மா சொன்னபோது, சரி என்றேன். ஞாயிறு இப்போது என் பக்கம் வந்துவிட்டது. புதிதாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள், சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று அனுப்பினார்.

வக்கீல் டைப் அடிக்கப் போனார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்தொரு நாள் அவள் இல்லாத வீட்டை நினைத்து அழுதேன். செய்தது சரிதான் என்று தெரிந்ததால் அழுகை குறையவில்லை. அவர் பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார். பிறகு அவரே வாயைத் திறந்தார்.

"நீ சொல்லலைன்னா நான் சொல்லிருக்க மாட்டேன்."

"தெரியும். உன் வாய்தான் பூட்டுப் போட்ட வாயாச்சே" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அப்டி இன்னாதான் ஆயிடும்? ஒரு தேதி சொன்னா கடல் வந்து கொட்டிக்குமா?"

"கடலுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். "எங்க நைனா வெள்ளிக்கிழம வந்துடறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. அவரு போன போட்டு திரும்பி வரல. ஆளும் கெடைக்கல. எங்கம்மா காரியம் பண்ணி முடிச்சுட்டாங்க. நான் மட்டும் வெள்ளிக்கிழமன்னா கடக்கரைல போயி நிப்பேன். வர்றேன்னு சொன்னாரே, ஒரு வெள்ளி இல்லன்னா இன்னொரு வெள்ளி வந்துடுவாருன்னு. எத்தினி வருசம் நின்னேன்னு எனக்கே தெரியாது. தேதி சொல்லாம போயிருந்தா நின்னுருக்க மாட்டேன்."

அவர் அப்பா கடலில் போனவர் என்று எனக்குத் தெரியும். வீட்டில் படம் மாட்டியிருந்தது, மாலை போட்டிருக்கிறேன். ஆனால் இது தெரியாது. பால் பூத்துக்காரரிலிருந்து ஜட்ஜ் வரை ஒருவரையும் விடாமல் கேள்வி கேட்டவள், பக்கத்தில் படுத்திருந்த மனுஷனிடம் ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கத்தியிருக்கிறேனே தவிர, உண்மையான கேள்வி ஒன்றுகூடக் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்டேன்.

"அப்போ உனக்கு இன்னா வயசு?"

"பாப்பா வயசுதான்" என்றார். "ஆறு."

வக்கீல் டைப் அடித்த காகிதத்தோடு வந்தார். எங்கே கையெழுத்து என்று பென்சிலால் குறி போட்டிருந்தார். பெஞ்சில் இருந்தபடியே அவர் முதலில் கையெழுத்துப் போட்டார், பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். உள்ளே எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் ஆளுக்கொரு முறை சம்மதம் என்று சொன்னோம். நாலு மணிக்கு எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது.